மயிலுக்கு ஒரு நகல்

பூண்டியிலிருந்து ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பழனிக்கு நடந்து போகும் ஒரு குழுவுக்குத் தோள்துண்டு செய்து கொடுப்பது என் தங்கை. பச்சைத் துண்டு; அதன் ஒரு முனையில் தோகை விரித்த மயில். குழு எத்தனை வருடம் நடந்திருக்கிறது என்பதைத் தோகையில் எண்ணிவிடலாம். வருடத்துக்கு ஒரு கண். முதல் வருடம் ஒற்றைக் கண்ணோடு அந்த மயில் மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தது. போன வருடம் பதினொரு கண். வரப்போவது பன்னிரண்டு. முருகனுக்கும் பன்னிரண்டு கண் என்பதால், அந்தக் குழுவின் குருசாமி இரண்டு வருடமாகவே இந்தப் பன்னிரண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூண்டு, கேரட் போடுகிறவர். விளைச்சலைப் பற்றிக்கூட அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

தங்கையின் தொழில் கொடைக்கானலில் எங்கள் வீட்டு முன்னறையில் நடக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின், ஏழு வயதான ஒரு லேப்டாப், சுவர் முழுக்க நூல்கண்டு. பள்ளிக்கூட பேட்ஜ், விடுதிகளின் துண்டில் பெயர், கல்யாண ரவிக்கைக் கை என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். நான் ஓய்வு பெற்று அவளோடு வந்து சேர்ந்தபோது எனக்கு ஒதுக்கப்பட்ட பணி, துண்டுகளில் தொங்கும் நூலை நறுக்குவது. தாலுகா அலுவலகப் பதிவறையில் நூறு வருடத்துக் கட்டுகளைக் கரையானிடமிருந்தும் மேலதிகாரிகளிடமிருந்தும் காத்தவளுக்கு நூல் நறுக்கும் பணி. நான் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. சந்தர்ப்பத்துக்குக் காத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் அது வந்தது. தங்கை தன் டிசைன்களை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து மர பீரோவில், சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். எங்கள் ஊர் மர பீரோவுக்குள் மழைக்காலத்தில் எதை வைத்தாலும் அது காளான் பயிரிடுகிற இடமாகிவிடும். எடுத்துப் பார்த்தபோது டிஸ்க்கின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. செருகினால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்றது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

"போயிருச்சுக்கா" என்றாள் தங்கை. "இனி எல்லாம் இந்த லேப்டாப்ல மட்டுந்தேன்."

லேப்டாப்பைப் பார்த்தேன். அதன் மூடி ஒரு ரப்பர் பேண்டின் கருணையில் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு வருட உழைப்பு, ஒரே பிரதி, அதுவும் ரப்பர் பேண்டில். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பயத்தில் இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷத்தில். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக என் துறையில் ஒரு வேலை வந்திருந்தது.

அன்று மாலையே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். இணையம் வழியாக வெளியூரில் நகல் காக்கும் கம்பெனிகள் ஏராளம் இருக்கின்றன. விளம்பரத்தில் எல்லோரும் மேகத்தைக் காட்டுகிறார்கள். எங்களுக்கு மேகம் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வந்து துணியை ஈரமாக்குகிற சாமான். அதில் மயங்க ஆளில்லை. எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேட்டு ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும் என்பது விதி. மூன்று கம்பெனிகளைத் தேர்ந்தேன்.

"எதுக்குக்கா மூணு?" என்றாள் தங்கை, மெஷினை நிறுத்தாமலே. "ஒரு கத்தரிக்காய் வாங்க மூணு சந்தைக்குப் போவியா?"

"போவேன்."

"போவ. நான் பாத்திருக்கேன்ல."

பதிவறையில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கோப்புக் கட்டை வாங்கி உள்ளே வைக்க எவராலும் முடியும். கேட்டபோது வெளியே எடுத்துத் தருகிறவனே பதிவறைக்காரன். ஆகவே என் பட்டியலின் முதல் கட்டம், கேட்டால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும் என்பது. அடுத்தது, எங்கள் ஊர் இணைய வேகத்தில், மின்சாரம் பாதியில் போனால் கோப்பு ஏற்றம் முதலிலிருந்து தொடங்குமா, விட்ட இடத்திலிருந்தா. அதற்கடுத்து, பூட்டின் சாவி யாரிடம். அதற்கடுத்து, போன் செய்தால் மனிதர் எடுப்பாரா.

மூன்றாவது கம்பெனியில் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் வீணை வாசித்தார்கள். பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

முதல் கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள். "உங்க ஃபைல் எல்லாம் எங்ககிட்ட நூறு சதவீதம் பத்திரமா இருக்கும் மேடம்."

"இருக்கட்டும். நான் கேட்டா எப்ப வரும்?"

"எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம் மேடம்."

"எப்ப வேணும்னாலும்னா, எப்ப?"

அதற்கு அவள், "எங்ககிட்ட ஸ்பெஷல் என்னன்னா மேடம், உங்க லேப்டாப்ல என்ன இருக்கோ அதேதான் இங்கயும் இருக்கும். நீங்க ஒரு புள்ளி மாத்துனா இங்கயும் மாறும். ஒண்ணை எடுத்துட்டா இங்கயும் எடுத்துரும். கண்ணாடி மாதிரி" என்றாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூலமும் நகலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பது! 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டே தேய்ந்த கை இது. மூலத்தில் ரத்தான ஓர் உத்தரவு நகலில் உயிரோடு இருந்தால் எத்தனை பேருக்கு மெமோ போகும் என்பது எனக்குத் தெரியும். நோட்டில் பெரிதாக ஒரு நட்சத்திரம் போட்டேன்.

இரண்டாவது கம்பெனியில் ஓர் ஆண். பொறுமைசாலி. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து ஏறும் என்றார். சாவி உங்களிடம் மட்டும்தான், தொலைத்தால் எங்களாலும் திறக்க முடியாது என்றார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது சொன்னார்: "நீங்க லேப்டாப்ல அழிச்சாலும் எங்ககிட்ட ஒரு வருஷம் அப்படியே இருக்கும் மேடம். பழைய வடிவங்களும் இருக்கும்."

அழித்ததையும் வைத்திருக்கிற பதிவறையா? அது பதிவறை இல்லை, பழைய பேப்பர் கடை. சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தேன். முதல் கம்பெனியே தேர்வானது. இந்த முடிவை நான் எவ்வளவு உற்சாகமாக எடுத்தேன் என்பதை நோட்டில் இருக்கும் அந்த நட்சத்திரமே சொல்லும். அதற்கு எட்டு முனை.

லேப்டாப்பில் இருந்ததை அப்படியே அங்கே ஏற்றினேன். மூன்று நாள் ஆனது. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் போய்ச் சதவீதத்தைப் பார்ப்பேன். அறுபது, எழுபத்தொன்று, எண்பத்தெட்டு. நூறு வந்த அன்று கேசரி கிண்டினேன்.

மார்கழி பிறந்ததும் அடுத்த வேலை, கழிவு நீக்கம். எங்கள் அலுவலகங்களில் கோப்பு முடிந்ததும் அதன் மேல் ஆயுளை எழுதிவிடுவார்கள்: இது நிரந்தரம், இது பத்து வருடம், இது மூன்று, இது ஒன்று. ஆயுள் முடிந்தது அடுப்புக்கு. இரட்டைப் பிரதி இருந்தால் ஒன்றை வைத்து மற்றதை நீக்குவது பாலபாடம். தங்கையின் லேப்டாப்பைத் திறந்தால் இரட்டைப் பிரதி குவிந்து கிடந்தது. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரே பெயரில் இரண்டு கோப்பு, ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பேட்ஜ் இரண்டு, ரோஜா இரண்டு, மயில் இரண்டு.

"ஏம்மா, ரெண்டு ரெண்டா இருக்கே, வேண்டாததை எடுத்துரட்டா?" என்று கேட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ம்" என்றாள்.

வாய்மொழி ஒப்புதல். எழுத்தில் வாங்காதது என் பிழை. முப்பத்து நான்கு வருடச் சேவையில் செய்யாத பிழை. எங்கள் இணைய வேகத்தில், கேட்டால் சீக்கிரம் திரும்ப வருவது சின்னதுதான் என்று எல்லாவற்றிலும் பெரியதை நீக்கினேன். தேதி, எண்ணிக்கை எல்லாம் நோட்டில் ஏறின. முந்நூற்று நாற்பது கோப்பு.

மார்கழி கடைசியில் ஒரு காலை குருசாமி வந்தார். கேரட் ஏற்றிய தன் பிக்கப் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பிறகு இன்னும் இரண்டு விரலைக் காட்டினார்.

"பன்னெண்டு, தங்கச்சி. இந்த வருசம் விட்டா நமக்கு இன்னொரு பன்னெண்டு கெடையாது. அறுபது துண்டு. ரெண்டு வாரத்துல வேணும்."

"கவலைய விடுங்கண்ணே, முந்தியே முடிச்சுத் தாரேன்" என்று தங்கை லேப்டாப்பைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அக்கா."

அந்த ஒரு சொல்லை அவள் அந்தத் தொனியில் கடைசியாகச் சொன்னது எங்கள் சின்ன வயதில், நான் அவள் பாவாடையை வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைத்தபோது.

"பெரிய ஃபைல் எங்க?"

"இரட்டைப் பிரதி. நீக்கியாச்சு. நீதானே ம்னு சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? ஆத்தாடி! ரெட்டையா அது? சின்னது இட்லி, பெருசு மாவு! மெஷினுக்கு இட்லியக் குடுப்பேன், மாவு என்கிட்ட இருக்கும். இப்ப இட்லியப் பிச்சுப் போட்டுத் திரும்ப மாவாக்கு பாப்போம்!"

சொன்னவுடன் விளங்கிவிட்டது. சின்னக் கோப்பில் இருப்பது ஊசி எங்கே குத்த வேண்டும் என்ற கணக்கு மட்டும். அதைத் திருத்த முடியாது. பெரியதில்தான் தோகை தோகையாக, கண் கண்ணாக இருக்கும். ஒரு கண் சேர்க்க வேண்டுமென்றால் மற்ற பதினொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ண வேண்டும். அது இல்லாமல் பன்னிரண்டாவது கண் இல்லை. புதிதாக வரைய ஒரு மாதம் ஆகும். கையில் இருந்தது இரண்டு வாரம், அதில் அறுபது துண்டு தைக்கவே ஒரு வாரம் வேண்டும்.

"மேல கம்பெனில நகல் இருக்குல்ல?" என்றாள் தங்கை.

இருந்திருக்கும், நான் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்காமல் இருந்திருந்தால். இங்கே நீக்கியதை அங்கேயும் நீக்கியிருந்தார்கள், அதே நொடியில், எழுத்துக்கு எழுத்து.

குருசாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னக்கா, மயிலு பறந்துருச்சா?"

முதல் கம்பெனிக்குப் போன் போட்டேன். அதே பெண். "டெலீட் பண்ணது குப்பைத்தொட்டில முப்பது நாள் இருக்கும் மேடம். அதுக்குள்ள எடுத்துட்டா வந்துரும். எப்ப டெலீட் பண்ணீங்க?"

நோட்டைப் புரட்டினேன். அன்று இருபத்தேழாவது நாள்.

"இன்னும் மூணு நாள் இருக்கு!" என்று நான் கத்தியதில் வாசலில் நின்ற நாய் ஓடியது. தங்கை ஏற்கெனவே திரையின் முன் உட்கார்ந்துவிட்டாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால் மேல் ரோட்டில் ஒரு ஜேசிபி நிற்கிறது, அதைச் சுற்றிப் பத்துப் பேர் குனிந்து பள்ளத்தைப் பார்க்கிறார்கள். ரோடு அகலப்படுத்துகிறவர்கள் எங்கள் இணையத்தை அகலப்படுத்திவிட்டார்கள். கேபிள் இரண்டு துண்டு. போனில் அதுவரை இருந்த இரண்டு கோடும் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

"ரெண்டு நாள்ல வந்துரும்மா" என்றார் லைன்மேன். இரண்டு நாள் என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படுவது எத்தனை நாள் என்பது எனக்குத் தெரியும். நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

குருசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வெள்ளனே அடுத்த லோடு கீழ போகுது. பெருமாள்மலை தாண்டி ஒரு வளைவு இருக்கு. அங்கன போனா என் போனு மூணு நாள் மெசேஜையும் ஒண்ணாக் கக்கும். ரெண்டு பேரும் வந்துருங்க. ஆபீசரக்கா, நோட்டையும் எடுத்துக்கங்க, முருகனுக்குக் கணக்குக் காட்டணும்ல."

மறுநாள் பிக்கப்பின் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தோம். தங்கை லேப்டாப்பைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துச் சால்வையால் போர்த்தியிருந்தாள். எனக்கோ, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஒரே உற்சாகம். வாழ்க்கையில் எத்தனையோ கோப்பு தேடியிருக்கிறேன். கெடு வைத்து, கேரட் வண்டியில் ஏறித் தேடியதில்லை.

ஏரியைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு காட்டுமாடு நின்றது. எங்களுக்கு இருந்த அவசரத்தில் கடுகளவுகூட அதற்கு இல்லை. குருசாமி ஹாரன் அடிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "ஏலே, வெரசா ஒதுங்குலே, மயிலைப் பிடிக்கப் போறோம்" என்றார். அது அவரை ஒருமுறை பார்த்துவிட்டு யோசித்து ஒதுங்கியது.

வளைவில் வண்டியை ஓரங்கட்டினார். கீழே பனிக்கு அடியில் சமவெளி கிடந்தது. நிறுத்திய உடனே அவர் போன் டிங் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பின்னால் போய்க் கேரட் மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்தோம். போனிலிருந்து இணையம் எடுத்தோம். குப்பைத்தொட்டி திறந்தது.

இருந்தன. முந்நூற்று நாற்பதும் இருந்தன, வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மீதியுள்ள நாள் இரண்டு என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பை எழுதியவன் பதிவறை தெரிந்தவன். தங்கை எல்லாவற்றையும் தேர்ந்து, மீட்கச் சொல்லி அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது.

"உறுதியான்னு கேக்குது பாரு" என்றாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். "அழிக்கும்போது உன்கிட்ட கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"ஆம்னு."

குருசாமி சிரித்ததில் மூட்டை ஆடியது. லேப்டாப்பை நான் பிடித்துக்கொண்டேன். பச்சைக் கோடு நகர்ந்தது. ஒரு பஸ் வளைவைக் கடந்தபோது நின்றது, மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம், மறுபடி நகர்ந்தது. எல்லாம் கம்பெனியில் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு மயிலை மட்டும் முதலில் கீழே இறக்கினாள். நாற்பது, அறுபது, தொண்ணூறு. "வா, வா, வா" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை நானே அப்புறம்தான் உணர்ந்தேன்.

திறந்தாள். திரையில் மயில். ஒரு கண்ணின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தினாள். அந்தக் கண் மட்டும் தனியாகப் பிரிந்து மின்னியது. இழுத்தாள், நகர்ந்தது.

"மாவு!" என்று கத்தினாள் தங்கை. "மாவுக்கா!" என் தோளைப் பிடித்து உலுக்கினாள். குருசாமி குனிந்து விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணி, பதினொன்றில் நிறுத்தினார். "இங்கன" என்று உச்சியில் ஓர் இடத்தைத் தொட்டார். "பன்னெண்டாவது இங்கன வரட்டும்." அங்கேயே, கேரட் மூட்டையின் மேலேயே, மற்ற கண்களை இரண்டு பக்கமும் ஒதுக்கி அவள் அதை வைத்தாள். பேட்டரி இருபத்தொரு சதவீதம் இருந்தபோது வேலை முடிந்தது.

அந்த வளைவை விட்டுக் கிளம்புவதற்கு முன் நான் இரண்டாவது கம்பெனிக்குப் போன் போட்டேன். பொறுமைசாலிதான் எடுத்தார்.

"நாங்க அழிச்சாலும் நீங்க ஒரு வருஷம் வச்சிருப்பீங்கன்னு சொன்னீங்களே, அது இன்னமும் உண்மைதானா?"

"உண்மைதான் மேடம்."

"நானே வற்புறுத்தினாலும்?"

"வீட்டுல யார் யாருக்கு என்ன உரிமைன்னு நீங்களே வச்சுக்கலாம் மேடம்."

தங்கை போனை என் கையிலிருந்து வாங்கினாள். "சார், நான்தான் ஓனர். எனக்கு எல்லா உரிமையும் வைங்க. எங்கக்காவுக்குப் பாக்க மட்டும். தொடக் கூடாது."

அப்படியே ஆனது. கேபிள் ஒட்டியது ஐந்தாவது நாள். மீதிக் கோப்புகளையும் இறக்கி முடித்ததும் இரண்டாவது கம்பெனிக்கு ஏற்றம் தொடங்கியது; இந்த முறை மாவும் இட்லியும் இரண்டும். மின்சாரம் நான்கு தடவை போனது, நான்கு தடவையும் விட்ட இடத்திலிருந்து ஏறியது. சாவியைத் தங்கை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. என் உரிமையில் இன்னொன்றும் அடங்கும் என்று பிறகு கண்டுபிடித்தேன்: அழிக்க முடியாது, ஆனால் நகல் கேட்டு வாங்கலாம். கேட்டால் தருகிறார்களா என்று பார்க்க ஒரு முற்பகல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மயிலைக் கேட்டேன். முன்னறையில் மெஷின் நாற்பதாவது துண்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றே முக்கால் நிமிடம். பன்னிரண்டு கண்ணும் இருந்தது.

"வந்துருச்சு!" என்று உள்ளறையிலிருந்து கத்தினேன்.

"சத்தம் போடாத, நூல் அறுந்துரும்" என்றாள் தங்கை.